மழை விதைத்த நிலவேம்பு

மூலிகை போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முளைத்து வரும்போது மருந்துக்கும் புல்லுக்கும் ஒரே முகம்தான்.

கெடு

எஸ்டேட் ஊரான பாடாங் மேஹாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கும் பழைய செம்பனை மரங்களை வெட்டிய சரிவு நிலம் சும்மா கிடந்தது. படிப்பை முடித்து வந்த நான், அதில் இயற்கை முறையில் நிலவேம்பு போடுகிறேன் என்று சொல்லப் பல நாள் ஒத்திகை பார்த்தேன். ஒருவழியாகச் சொன்னதை அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டு முடித்தார்.

"தீபாவளி வரைக்கும் பாரும்மா. பச்சையா ஏதாச்சும் தெரிஞ்சா நிலம் ஒனக்கு. இல்லன்னா செம்பனைக் கன்னு வந்துரும், நீ கூலிம் டவுனு ஃபேக்டரிக்குப் போயிரணும் லா."

சுத்தமான பாத்தி

நாற்றுவிட்டு நடுவது இரட்டை வேலை என்று, பொடி விதையை மணலோடு கலந்து நேரே பாத்தியில் தூவினேன். முளைத்தது. கூடவே புல்லும் முளைத்தது. இயற்கை முறையில் களைக்கொல்லி அடிக்க முடியாதே, கையால்தான் எடுக்கவேண்டும். எஸ்டேட்டில் பல வருஷம் களை எடுத்த சரோஜா அக்காவைக் கூப்பிட்டேன். எதை விடவேண்டும் என்று சொல்லத்தான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கை என் வாயைவிட வேகம். "அக்கா, அத மட்டும்..." என்று ஆரம்பித்தபோது பாத்தி மொட்டை. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பாரு தங்கச்சி, ஒரு புல்லு இல்ல. இப்ப தைரியமா வெதை போடு."

ஏர்கோன்

மிச்ச விதையையும் போட்டேன். அன்று மாலையே ஜெராய் மலைப் பக்கம் கறுத்துவந்து கொட்டியது. காலையில் பாத்தியில் சரளைக்கல்தான் இருந்தது. சில வாரங்கள் பார்த்துவிட்டு அப்பா செம்பனைக் கன்றுக்குச் சொல்லிவைத்தார்.

"கோவிச்சுக்காதம்மா. ஃபேக்டரில குளுகுளுன்னு ஏர்கோன் இருக்கு, மழை உள்ள வராது."

குடிவந்தவை

சரிவுக்குக் கீழே சவரிமுத்து அண்ணனின் வாழைத்தோட்டம். ஒரு நாள் புல்வெட்டும் மெஷினும் கையுமாக நின்று என்னைக் கூப்பிட்டார். "என்னா தங்கச்சி, ஒன் தோட்டம் சொல்லாம கொள்ளாம எங்கிட்ட குடிவந்திருச்சா?"

வாழைக்கடியில் சிறு செடிகள் நெருக்கியடித்து நின்றன. ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. என் முகச்சுளிப்பைப் பார்த்துக் களைதான் என்று அண்ணன் மெஷினை முடுக்கிவிட்டார். "வெட்டாதீங்கண்ணே!" என்று அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

வேர்மண் உதிராமல் பெயர்த்து மேலே சுமந்தோம். சரோஜா அக்காவும் வந்தார். இம்முறை கயிறு பிடித்து வரிசையாக நட்டேன். வரிசையில் நிற்பதை அக்கா பிடுங்கமாட்டார். தீபாவளிக்கு முதல் நாள் அப்பா சரிவில் மேலும் கீழும் நடந்து பார்த்தார்.

"கன்னு வேணாம்னு சொல்லிட்டேன். மொதல்ல சவரிமுத்துக்கு முறுக்கு கொண்டுபோய்க் குடு, நாத்துப்பண்ணை அவனுதுதான்."

நேரே விதைப்பதா, நாற்று நடுவதா என்று கேட்பவர்களிடம் இரண்டும் செய்தேன் என்கிறேன். விதைக்கிற வேலையை மட்டும் மழை பார்த்துக்கொண்டது.