கரிநாக்கு

எட்டு வருஷமாய்ச் சந்திரகாந்திக்குக் காரில பின் சீட்டுத்தான். வாயும் திறக்கக்கூடாது. ஏனாம்? ஜேர்மனியில கொலோன் நகருக்குக் கலியாணவீட்டுக்குப் போகேக்கை, "முன்னால நிக்கிற லொறி பின்னுக்கு வரப்போகுது, பாத்து" எண்டு சொன்னாளாம். லொறி வந்து இடிச்சதாம். ஓட்டினது புருஷன் பரராசசிங்கம், கேட்டும் கேளாத மாதிரி ஓட்டினவர். பழி மட்டும் அவளுக்கு. "கரிநாக்கு! வாய் வைச்சாள், நடந்திட்டுது" எண்டு சொந்தம் முழுக்கச் சொல்லித் திரிஞ்சுது. கொழுப்பைப் பாருங்கோ!

முதியோர் இல்லத்து வேலைக்கு விடியவெள்ளன பஸ் இல்லை. அதுக்காக நாற்பது தாண்டி லைசென்ஸ் எடுத்தாள். புதுசா எடுத்தவைக்கு ரெண்டு வருஷம் சோதனைக்காலம். ஒரு வகுப்புக்குப் போனால் அதில ஒரு வருஷம் குறையும். போனாள். அங்க ஒருத்தர் ஓட்ட, பின்னால இருக்கிறவை வரப்போற ஆபத்தைக் கண்டு சத்தமாச் சொல்லவேணும். அவள் எல்லாத்தையும் கண்டாள், நாக்குத்தான் எழும்பேல்லை.

"உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையோ?" எண்டார் மாஸ்டர்.

சீ, என்ன கேள்வி! திறந்தாள் வாயை.

"அந்தக் காரின்ர சில்லு திரும்பியிருக்கு, வெளியில வரப்போகுது. பஸ்ஸுக்கு முன்னால ஆள் வரும். அந்த மனுசி பாக்காமல் றோட்டில இறங்கப்போறா."

ஓட்டின பெடியன் ஒவ்வொண்டுக்கும் வேகத்தைக் குறைச்சான். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. சொன்னால் தப்பலாம்! அவளுக்குச் சந்தோஷம் வரேல்லை, விசர்க் கோபந்தான் வந்தது. எட்டு வருஷம் வாயைப் பொத்தி வைச்சிட்டாங்களே, பாவியள்!

அந்த ஞாயிறு, சொந்தத்தில ஒரு பெட்டை பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. "நல்ல காரியத்துக்குப் போறம், வாய் வைக்காதை" எண்டார் பரராசசிங்கம். மகள் ஆதிரையோட பின்னால ஏறினாள்.

வுப்பர்டாலில தொங்குரயில் தெருவுக்கு மேலால ஓடுற இடம், ரெண்டு பக்கமும் இரும்புத் தூண். ஒரு தூணுக்குப் பின்னால பிள்ளையள் காலால உந்தி ஓடுற சின்ன ஸ்கூட்டரின்ர முன்சில்லு மட்டும் தெரிஞ்சுது.

"பிரேக்கை அடியுங்கோ! பிள்ளை வருது!"

அடிச்சார். காருக்கு ஒரு முழம் முன்னால ஒரு சின்னன் விறைச்சுப்போய் நிண்டுது. தாய் ஓடிவந்து அள்ளினாள்.

பரராசசிங்கத்துக்கு வேர்த்து ஊத்திச்சுது. எண்டாலும் மனுசன்ர வாய் அடங்கேல்லை. "பாத்தியா? நீ வாய் வைச்சாய், பிள்ளை வந்திட்டுது!"

சந்திரகாந்தி இறங்கிப் போய் அவற்ற பக்கக் கதவைத் திறந்தாள். "இறங்குங்கோ."

"என்னடி?"

"லொறி இடிச்சது என்ர நாக்காலயெண்டால், அந்தப் பிள்ளை உயிரோட நிக்கிறதும் என்ர நாக்காலதான். இறங்குங்கோ!"

இறங்கினார். அவள் ஸ்டியரிங்கைப் பிடிச்சாள். "பின்னால ஏறுங்கோ. வாயைப் பொத்தத் தேவையில்லை. ஆபத்தைக் கண்டால் சொல்லுங்கோ, நான் கேப்பன்."