சுரங்கத்துக்கு அந்தப்பக்கம் ஒரு ஞானத்தாய்

லூமிங் அக்காவுக்கு உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமே கிடையாது. மீன் ஆலையில் இடைவேளை மணி அடித்ததும் நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருவோம். அவர் மட்டும் சோற்று டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். எந்தப் படகு கரைக்கு வந்திருக்கிறது, யார் கடைக்குப் போகிறார்கள், யார் முகம் வாடியிருக்கிறது என்று ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டுத்தான் டப்பாவை மூடுவார். பிலிப்பைன்ஸில் இருந்து ஐஸ்லாந்தின் இந்த வடமேற்கு மூலைக்கு அவர் வாழ்க்கைப்பட்டு வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. கணவர் குன்னார் குழாய் வேலை செய்பவர், பேச்சே இல்லாத மனிதர். அந்த வீட்டுக்குத் தேவையான பேச்சை எல்லாம் அக்காதான் பேசித் தீர்ப்பார்.

எங்கள் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி புதிதாக ஊருக்கு வந்தால், அவள் பெட்டியைத் திறப்பதற்குள் லூமிங் அக்கா வாசலில் நிற்பார். ஒரு கையில் சுடச்சுட நூடுல்ஸ், இன்னொரு கையில் தடித்த கம்பளிக் காலுறை. "கால் சூடா இருந்தா ஊர் பிடிச்சுடும்" என்பார். அப்படி அவர் கொடுத்த காலுறையைப் போட்டுக்கொண்டுதான் ஆலையில் பாதிப் பேர் நிற்கிறார்கள்.

அதனால்தான், நான் அன்று சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை.

நான் ஆசியா முழுக்கச் சுற்றிவிட்டு, கையில் இருந்ததெல்லாம் தீர்ந்து ஊர் திரும்பி, ஆலையில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கடையில் அரிசி அடுக்கியிருந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். முதுகில் கைக்குழந்தை. பெயர் ஜெனலின், பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்காரி. படகுத் தொழிலாளி ஸ்தெய்னரின் மனைவி. அடுத்த மாதம் பிள்ளையோடு ஊருக்கே போகப்போவதாகச் சொன்னாள். மறுநாள் இடைவேளையில் அதை அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும், அந்தப் பொண்ணு உங்கம்மா ஆளு" என்றார் லூமிங் அக்கா, ஜன்னலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கம்மாவா? அம்மா அவளைப் பார்த்ததே இல்லையே. 'அது லூமிங்கோட ஆளு'ன்னு அம்மா சொன்னாங்க."

அக்கா திரும்பினார். வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்லவேண்டும். மலைக்குள் போகும் சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம் ஆலை. அந்தப் பக்கம் விமான நிலையமும் முதியோர் இல்லமும் என் அம்மா ரெமியின் வீடும். ஒரு காலத்தில் இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒன்றாகத்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள். ஒரு வருடம், எங்கிருந்தோ முழுப் பன்றி ஒன்று வரவழைத்துத் துறைமுகத்தில் இரும்புப் பீப்பாயை இரண்டாக வெட்டி அதில் சுட்டார்கள். சுட்ட பன்றியில் உயிர் எங்கே இருக்கிறது என்று எங்கள் ஆட்களைக் கேட்டால், மொறுமொறுவென்று சிவந்த தோலில் என்பார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்துக் கண் திறந்தால், முதுகுத்தோல் மொத்தமும் காணோம். லூமிங்தான் பொட்டலம் கட்டிவிட்டாள் என்றார் அம்மா. உன் கண்ணைக் கடல்காக்கா கொத்த என்றார் லூமிங் அக்கா. அதிலிருந்து இரண்டு கிறிஸ்துமஸ், இரண்டு பாட்டுக் கச்சேரி, எல்லாம் இரண்டு.

ஜெனலின் விமானத்தில் வந்து இறங்கிய அன்று பனி விழுந்து பாதை மூடிவிட்டது. முதல் இரவை அந்தப் பக்கத்தில் ஒரு நர்ஸ் வீட்டில் கழித்தாள். 'ரெமி கூட்டம் சேர்த்துக்கிட்டாங்க' என்று இந்தப் பக்கம் நினைத்தார்கள். மறுநாள் அவள் சுரங்கம் தாண்டி ஆலைக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்ததும், 'லூமிங் காலுறை கொடுத்திருப்பா' என்று அந்தப் பக்கம் நினைத்தார்கள். பனி உருகி, கோடை வந்து, பிள்ளையும் பிறந்துவிட்டது. ஒருத்தரும் போகவில்லை.

"பிரசவத்துக்குக்கூடவா யாரும் போகல?" என்றார் அக்கா. பிறகு டப்பாவை மூடினார். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, "வா" என்றார்.

ஜெனலின் கதவைத் திறந்தபோது தோளில் பிள்ளை ஆரி தூங்கிக்கொண்டிருந்தான். கூடத்தில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. பாதி அடுக்கியாகிவிட்டது.

"ஏன்டி, நாலு வீடு தள்ளித்தான இருக்கேன்? ஒரு எட்டு வந்திருக்கக் கூடாதா?"

"யாரும் கூப்பிடலையே அக்கா. கடையில பார்ப்பேன், எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிடுவீங்க. நானா வந்து வாசல்ல நின்னா, சோத்துக்கு வந்தவன்னு நினைக்க மாட்டீங்களா?"

அழைக்காத வீட்டுக்கு எங்கள் பெண்கள் போகமாட்டார்கள், செத்தாலும்.

"எப்ப திரும்பி வருவ?"

"பிள்ளைக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்துடலாம்னு இருக்கேன். இங்க பிள்ளையை ஏந்தி ஞானத்தாயா நிக்க யாரு இருக்கா? அவரு மாசத்துல பாதி கடல்ல. பிள்ளை கொஞ்சம் பெருசானதும் வரேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"வருவியா?"

ஜெனலின் பிள்ளையை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

லூமிங் அக்கா குனிந்து, பெட்டியில் இருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து நாற்காலி முதுகில் போட்டார். "ஞானஸ்நானம் இங்கதான். பாதிரியார் மாசக் கடைசியில வரார். ஆள் சேர்க்கறது என் வேலை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலைப் பெண்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். வினிகரில் வெந்த கோழி, தேங்காய்ப்பால் களி, பாட்டு மிஷின். ஜெனலின் வந்தாள், சாப்பிட்டாள், சிரித்தாள். ஆனால் அக்காவின் கூட்டம் முழுக்க வேறு தீவில் இருக்கும் இலோய்லோ பக்கத்துக்காரர்கள். பிலிப்பைன்ஸ் பொதுமொழியில் ஆரம்பிப்பார்கள். சிரிப்பு முற்றினால் சொந்த மொழிக்குத் தாவிவிடுவார்கள். அதில் ஒரு சொல்கூட ஜெனலினுக்குப் புரியாது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் சிரித்தாள். சீக்கிரமே பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்று கிளம்பிவிட்டாள். பிள்ளை கண்ணை முழித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பாத்திரம் கழுவும்போது அக்கா கேட்டார்: "சமார்காரிங்க எங்க இருக்காங்க இந்த ஊர்ல?"

அவருக்குத் தெரியாதா என்ன.

"அந்தப் பக்கம்" என்றேன். "எங்கம்மா, அம்மாவோட கூட்டாளிங்க."

"அதுல அவ வயசுக்காரி?"

"ரெண்டு பேர் இருக்காங்க. ஆனா எங்கம்மா சொல்லாம யாரும் வரமாட்டாங்க."

அக்கா பாத்திரத்தை இரண்டாவது தடவை கழுவினார். "உங்கம்மாகிட்ட கேட்டுப் பாரு."

கேட்டேன். அம்மா காய்கறி நறுக்குவதை நிறுத்தவில்லை. "பாவம் அந்தப் பொண்ணு. வரச்சொல்லு, சோறு போடறேன். ஆனா லூமிங் கூட்டுற இடத்துக்கு என் கால் வராது. திருடி நிக்கிற கோயில்ல நானும் நின்னா மாதா என்ன நினைப்பா?"

மறுநாள் நான் இதைச் சொன்னபோது லூமிங் அக்கா மீன் துண்டில் இருந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். கடைசி முள்ளையும் எடுத்துவிட்டு, "அப்ப நானே போறேன்" என்றார்.

சனிக்கிழமை என்னை வண்டி ஓட்டச் சொன்னார். முன்னால் அவர், பின்னால் ஜெனலினும் பிள்ளையும். அத்தனை வருடத்தில் எங்கள் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. கதவைத் திறந்த அம்மா, முதலில் அவரைத்தான் பார்த்தார்.

"யாரு, தோல் ராணியா? இங்க பன்றி எதுவும் சுடலையே."

"இருந்தா மட்டும் எனக்கா வச்சிருக்கப்போற?" என்றார் அக்கா. "நான் வெளியிலயே நிக்கறேன். பிள்ளைக்குக் குளிருது, அதை உள்ள விடு."

பிள்ளையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. ஜெனலினை உள்ளே இழுத்து, அவள் ஊர்ப் பெயரைக் கேட்டு, அங்கிருந்த ஆற்றையும் பள்ளிக்கூடத்தையும் விசாரித்து, சமார் மொழியில் மளமளவென்று பேசத் தொடங்கிவிட்டார். ஜெனலின் வாய் திறந்து பேசியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அதுவரை நாங்கள் கேட்டதற்குப் பதில் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு, காரில் பேசிவைத்தபடி, ஜெனலின் கேட்டாள்: "ரெமி அக்கா, என் பிள்ளைக்கு ஞானத்தாயா நிப்பீங்களா?"

எங்களில் யாரும் இதற்கு மாட்டேன் என்று சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைக்கு ஆகாது. சரி என்றுவிட்டாலோ அன்றிலிருந்து அவள் ஞானத்தாய் மட்டுமில்லை. பெற்றவளும் அவளும், கூட நிற்கும் மற்ற ஞானத்தாய்களும் ஒருவரையொருவர் 'மாரே' என்று கூப்பிட்டுக்கொள்ளும் சொந்தம் ஆகிவிடுவார்கள். கூடப்பிறந்தவளோடுகூடப் பேசாமல் இருக்கலாம், மாரேயோடு முடியாது.

"நிப்பேன்டி கண்ணு. கேக்கணுமா?" என்ற அம்மா, உடனே கதவுப் பக்கம் பார்த்தார். "கூட நிக்கறது யாரு?"

"லூமிங் அக்கா."

"அதான பார்த்தேன்!" அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். "பச்சப் பிள்ளைய வச்சு என்னைக் கட்டிப்போடறியா?"

"ஆமா" என்றார் அக்கா. "வேற எப்படிக் கட்டறதுன்னு தெரியல."

"முதல்ல ஒத்துக்க. மாதா சாட்சியா, தோலை எடுத்தது நீதான்னு சொல்லு. நிக்கறேன்."

வாசலில் காற்று வீசிக்கொண்டிருந்தது. அக்கா கோட்டின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே ஜெனலின், சமையல் மேசையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றார் லூமிங் அக்கா. "மாதாவை இழுக்காத. நான்தான் எடுத்தேன். போதுமா?"

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. "முழுசுமா?" என்று மட்டும் கேட்டார்.

"முழுசும். நல்லாத்தான் இருந்தது."

"உள்ள வா. கதவைச் சாத்து, சூடு வெளியே போகுது."

திரும்பும்போது ஜெனலின் எங்களோடு வரவில்லை. சோறு சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அம்மா பிடித்துவைத்துக்கொண்டார். சுரங்கத்துக்குள் பாதை ஒற்றை வழி. எதிரே லாரி வந்ததால் ஒதுங்கி நின்றோம்.

"உண்மையிலேயே நீங்கதான் எடுத்தீங்களா அக்கா?"

"எனக்குத் தோலே பிடிக்காது. பல்லுல ஒட்டிக்கும்."

"அப்ப யாரு?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "வலைக் கொட்டகைக்குப் பின்னாடி ஒருத்தர் பீரும் கையுமா உக்காந்து தின்னதைப் பார்த்தேன். ஐஸ்லாந்துக்காரர், சிவப்புத் தாடி, உங்க வீட்டுலதான் குடியிருக்கார்."

"அப்பாவா!"

"கத்தாத. வண்டியை எடு, லாரி போயிடுச்சு."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா உங்கம்மா அவரை வீட்டுக்குள்ள விட்டிருப்பாளா? நீ அப்ப சின்னக் குழந்தை. திருடின்னு ஒரு பேரு, அது எனக்கு ஒண்ணும் கனம் இல்ல. மூச்சு விடாத, என்ன?"

நான் மூச்சுவிடவில்லை. அதற்கப்புறம் அப்பாவின் தாடியைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போகவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மாதக் கடைசி ஞாயிறு, ஞானஸ்நானம். கடலில் இருந்து வந்த ஸ்தெய்னர் இறுக்கமான கோட்டில் நின்றார். பயணச் சீட்டு இன்னும் ரத்தாகவில்லை என்று வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அவகிட்ட கேக்கவே பயமா இருக்கு" என்றார். உள்ளே, இடப்பக்கம் ஆலைப் பெண்கள், வலப்பக்கம் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அம்மாவின் கூட்டாளிகள். ஞானத்தாய் யார் என்று போலந்துக்காரப் பாதிரியார் கேட்டதும் இரண்டு பக்கத்திலும் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஞானத்தாயாக நிற்க அழைக்கப்பட்டிருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அழைப்பது என்று வந்துவிட்டால் எங்களுக்குக் கணக்குத் தெரியாது.

பாதிரியார் கண்ணாடியைச் சரிசெய்தார். "ஞானத்தந்தை ஒருவர், ஞானத்தாய் ஒருவர். சபை விதி அதுதான். மற்றவர்கள் மெழுகுவர்த்தி பிடிக்கலாம்."

ஜெனலின் லூமிங் அக்காவைப் பார்த்தாள். இத்தனையும் செய்தவர் அவர். அவரையே நிறுத்துவது என்று அவள் முடிவெடுத்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஆரிக்கென்று அவர் பின்னிய வெள்ளைத் தொப்பிதான் அவன் தலையில் இருந்தது.

"ரெமி" என்றார் லூமிங் அக்கா சத்தமாக. "போ, முன்னாடி நில்லு. எனக்கு மெழுகுவர்த்தி போதும்."

"நீ நில்லு" என்றார் அம்மா.

"நான் நின்னா பிள்ளைக்கு இலோய்லோ பாட்டுத்தான் கிடைக்கும். அவன் சமார்காரன். போ, தண்ணி ஆறிடும்."

அம்மா போனார். போகும் வழியில் அக்காவின் கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டுப் போனார்.

விருந்து ஆலைக் கூடத்தில். நானும் லூமிங் அக்காவும் சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரும்போது வாசலில் பெரிய சத்தம். தள்ளுவண்டியில் ஆரி போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அதன் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் ஜெனலின். இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கூட்டாளிகள் இருவர் நடுவில் புகுந்து ஆளுக்கொரு கட்சி பேசினார்கள். ஜெனலினுக்கு இவ்வளவு குரல் உண்டு என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அக்காவுக்கு அந்த மொழி புரியாது. அண்டாவைக் கீழே வைத்தார். "என்னவாம்? எதுக்கு இப்படி அடிச்சுக்கறாங்க?"

"பிள்ளைய வெளியில தூங்கவிட்டா சளி பிடிக்கும், உள்ள கொண்டுபோன்னு அம்மா சொல்றாங்க."

"இவ?"

"'இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வெளியிலதான் தூங்குது. நர்ஸ்கிட்டயும் கேட்டுட்டேன். பனி விழுந்தாலும் சரி, இந்தக் குளிர்காலம் முழுக்க என் பிள்ளை இங்கதான் தூங்குவான். நீ வேடிக்கை பாரு மாரே'ன்னு சொல்றா."

"குளிர்காலம் முழுக்கன்னா சொன்னா?"

"ஆமா."

லூமிங் அக்கா கூடத்துக்குள் எட்டிப் பார்த்துக் கையைத் தட்டினார். "ஸ்தெய்னர்! அந்தச் சீட்டை ரத்து பண்ணு. நீ ஒண்ணும் கேக்க வேண்டாம்." பிறகு அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தூக்கு. சோறு ஆறுது."