கிண்டாமல் நட்ட சரிவு

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது என்று வகுப்பில் படிப்பித்தபோது நான் எழும்பி நின்று மறுத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே எழுந்து, வளவின் ஒரு வேலியிலிருந்து மறு வேலி வரை நீண்டு, சரிந்து இறங்கிக் கிணற்றடியில் முடிந்தது. வகுப்பே சிரித்தது. ஒன்பது வயதில் நான் கண்ட மலையை இவர்கள் யார் இல்லையென்பதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அது மலையல்ல, மண் அணை. போர்க்காலத்தில் இராணுவ முகாமின் எல்லையாகக் குவித்தது. காணி விடுபட்டதும், அளவெட்டியில் இருந்த வாடகை வீட்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் வந்து சேர்ந்தபோது, அதைச் சுற்றி வேம்புகள் காடாக வளர்ந்து பட்டப்பகலிலும் இருட்டாக இருந்தது. வெடிபொருள் அகற்றுகிறவர்கள் வளவு முழுக்கத் தேடியிருந்தார்கள், அணையின் மேற்பரப்பையும் பார்த்திருந்தார்கள். ஆனால் அணைக்கு உள்ளே என்ன கிடக்கிறதென்று தங்களால் சொல்ல முடியாது, இயந்திரம் வரும்வரை அந்த மண்ணைக் கிண்டவே வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சின்னவர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இயந்திரம் வருவதற்கு முதல் மழை வந்தது. புரட்டாசிக் கடைசியில் பெய்த ஒரு மழைக்கே சரிவு கரைந்து, கட்டு உடைந்திருந்த எங்கள் கிணற்றுக்குள் இறங்கியது. வாளியில் வந்தது பால் விட்ட தேத்தண்ணி மாதிரி இருந்தது. அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து அழுதார்.

"கார்த்திகை மழைக்குக் கிணறு மண் விழுந்து தூந்துபோகும். பிறகென்ன, திரும்பவும் வாடகை வீடுதான்."

நான் பிறந்ததிலிருந்து வாடகை வீடுகளில்தான் வளர்ந்தேன். சுவரில் கிறுக்கினால் அடி, ஆணி அடித்தால் அடி. சொந்த வீட்டுச் சுவரில் அப்போதுதான் ஒரு பூனை கீறத் தொடங்கியிருந்தேன். ஆகவே கிணற்றின் கவலை எனக்கும் இருந்தது.

எங்களோடு இருந்த சின்னம்மா அழவில்லை. அவருக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம், அழுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "மண்ணை மூடிச் செடி படர்ந்தால் மழை என்ன செய்யும்? நான் பாக்கிறன்," என்றார். அடுத்ததாக எனக்கும் தம்பிக்கும் ஒரு கட்டளை வந்தது.

"உதிலை ஒருத்தரும் கால் வைக்கப்படாது. உது வைரவற்ரை இடம். சுத்தமில்லாமல் ஏறினால் காச்சல் வரும்."

நாங்கள் மிரண்டுபோனோம். எங்கள் மண்ணிற நாய் தினமும் மத்தியானம் அந்தச் சரிவின் நிழலில்தான் படுத்துக் கிடக்கும். வைரவரின் வாகனம் நாய் என்பது எனக்குத் தெரியும். இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

செடி தேடும் படலம் தொடங்கியது. முதலில் அப்பா கோயில் வெளியிலிருந்து அறுகம்புல் கொண்டு வந்தார். வெயிலில் வளர்ந்த புல், வேம்பின் நிழலில் ஒரு கிழமைக்குள் மஞ்சளாகிச் சோர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி ஒரு கட்டு வத்தாளை, அதுதான் சர்க்கரைவள்ளிக் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு வாயூறியது. அவித்த வத்தாளங்கிழங்கும் தேங்காய்ப்பூவும் என்றால் நான் எதையும் மறந்துவிடுவேன். சின்னம்மா கொடியை வாங்கவே இல்லை.

"ஏன் சின்னம்மா, கிழங்கும் தின்னலாமே?"

"கிழங்கு விழுந்தால் ஆர் கிண்டிறது? உன்ரை கொப்பரோ?"

கிண்டச் சோம்பல்பட்டு ஒரு மனுசி இத்தனை கிழங்கை வேண்டாமென்கிறாரே என்று நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அவர் தேடியது நிழலையும் தாங்கி, சித்திரை வெக்கையையும் தாங்கி, குழி தோண்டாமல் மண்ணுக்கு மேலே வைத்தாலே வேர்விடும் செடி. கிணற்றுத் தண்ணீர் சிந்தி ஈரமாக இருக்கும் அடிப்பக்கத்துக்கு வல்லாரை. நடுவுக்குக் கற்பூரவள்ளி, முறித்துப் போட்ட இடத்திலேயே கணுவுக்குக் கணு வேர்விட்டுவிடும். தண்ணீர் நிற்காத உச்சிக்குப் பிரண்டை, அதைக் கொல்ல நினைத்தாலும் சாகாது. மண்வெட்டியைத் தொடாமல், பனையோலையைச் சரிவில் குறுக்காகப் பரப்பி, முன்பக்கத் தோட்டத்து மண்ணையும் எருவையும் கடகத்தில் சுமந்து வந்து அதன்மேல் தூவி, ஒவ்வொரு தண்டையும் உள்ளங்கையால் அமர்த்தி வைத்தார். குழந்தைக்கு நெற்றியில் எண்ணெய் வைக்கிற மாதிரி இருந்தது அந்த அமர்த்தல். கோபக்காரியின் கைக்கு இவ்வளவு பதம் எங்கிருந்து வந்ததென்று நான் யோசித்ததுண்டு. வைரவருக்குப் பயம் என்று முடிவு செய்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா சுட்ட உழுந்து வடையில் சிலவற்றை நூலில் கோத்து மாலையாக்கி, கிணற்றைக் காப்பாற்றும்படி வேண்டிக்கொண்டு சரிவை நோக்கி எறிந்தேன். நாய் எழும்பி வந்து நூலை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றது. வாகனம் தின்றால் சுவாமி தின்றதாகத்தான் கணக்கு. இந்தச் செய்தியைத் தம்பி எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுக்கப் பரப்பினான். மறுநாள் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"உங்கடை வளவுக்கை வைரவர் இருக்கிறாராம். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! பொங்கல் எப்ப?"

சின்னம்மா என்னைப் பார்த்த பார்வையில் வல்லாரை வாடியிருக்கும். ஆனாலும், "ஓம், ஓம், மாரி முடியட்டும்," என்று சமாளித்தார். மாமி விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சூலத்தைக் கொண்டுவந்து வேம்படியில் ஊன்றிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. விடிய எழும்பிக் கிணற்றடிக்கு ஓடினேன். கற்பூரவள்ளி வாசம் வளவெல்லாம் நிறைந்திருந்தது. சரிவில் அங்கங்கே ஓலை விலகியிருந்ததே தவிர மண் இறங்கவில்லை. அப்பா அள்ளிய வாளியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அம்மா இந்த முறையும் அழுதார். நான் வேம்படிக்குப் போய் விழுந்து கும்பிட்டு வைரவருக்கு நன்றி சொன்னேன். சின்னம்மா பக்கத்தில்தான் நின்று கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் இயந்திரம் வந்தது. எங்களை ஒழுங்கை முனைக்கு அனுப்பிவிட்டு அணையைப் பிரித்தார்கள். உள்ளே இருந்து எதையோ எடுத்துக் கவனமாகக் கொண்டுபோனார்கள். பெரியவர்கள் அன்று சாப்பிடவில்லை. மண் பரவிச் சமமானபின் சின்னம்மா முறித்து வைத்திருந்த கற்பூரவள்ளியைக் கிணற்றடியில் போட்டார், இன்றைக்கும் அங்கே இருக்கிறது. தானே உண்டாக்கிய வைரவருக்கு வருடாவருடம் பொங்கிப் படைப்பவரும் அவர்தான். கோபமும் குறையவில்லை.

அணைக்குள் கிடந்தது வெடிக்காத குண்டு என்று வளர்ந்த பிறகு அம்மா சொன்னார். சரிவில் செடி வைக்கிற வேலையைத் தானே செய்வதாக அப்பா நின்றாராம். "அத்தான், உங்களுக்கு ரெண்டு பிள்ளையள். தள்ளி நில்லுங்கோ," என்று சொல்லிவிட்டாராம் சின்னம்மா. நான் இந்த வீட்டில் வளர்ந்தது, இந்தக் கிணற்றில் குளித்துப் பள்ளிக்கூடம் போனது, எல்லாம் அந்த மனுசியின் உள்ளங்கை தந்தது. அதை அவரிடம் சொல்லப் போனால், "போடி, வேலையைப் பார்," என்பார். இருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரிவில் ஏறுவதற்கு முன் அவர் தினமும் தன் தோட்டையும் சங்கிலியையும் கழற்றி என்னிடம் தருவார். "வைச்சிரு. மண்ணுக்கை விழுந்திடும். நான் கூப்பிடுமட்டும் பின்பக்கம் வரப்படாது." தனக்கு ஏதும் நடந்தால் அவையாவது எனக்கு மிஞ்சட்டும் என்று கழற்றினார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. நான் முன்னறைக் கண்ணாடிக்கு முன்னால் அவற்றைப் போட்டுக்கொண்டு பெரிய மனுசியாக நின்று என்னையே பார்ப்பேன். பின்பக்கமிருந்து அவர் என்னைக் கூப்பிடும் குரல் கேட்கும். இவ்வளவு கெதியாகக் கூப்பிட்டுவிட்டாரே என்று ஒவ்வொரு நாளும் எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.