பாத்திரத்தின் அடியில் இருந்த பெயர்

டன்மோர் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், யாரையாவது வழிமறித்து, "இந்த ஊரில் கை சுத்தமான ஆள் யார்?" என்று கேட்டிருந்தால், போன ஏப்ரல் வரைக்கும் எமில் டிரஹோஸைத்தான் காட்டியிருப்பார்கள். எமிலும் அதை மறுத்திருக்க மாட்டார். வாழ்நாள் முழுக்க ரொட்டி வேன் ஓட்டிய மனிதர். அவருக்கு லஞ்சம் கொடுக்க ஒருத்தருக்கும் தேவை வந்ததில்லை என்பதை ஊரும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

அந்தக் காலத்தில் கவுண்டியைத் தேர்தலில் ஜெயித்த மூன்று கமிஷனர்கள் ஆண்டார்கள். ஆண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவருடைய மச்சான் சாலைத் துறையில், இன்னொருவருடைய மருமகள் பத்திரப் பதிவில். தெருநாய் பிடிக்கிற வேலைக்குக்கூட யாராவது ஒரு சித்தப்பா ஃபோன் செய்ய வேண்டும். இலையுதிர் காலம் வந்தால் கமிஷனர்கள் கட்சி நிதிக்கு என்று கடல் கிளிஞ்சல்களை வேகவைத்து விருந்து வைப்பார்கள். ஊரே வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் உட்கார்ந்து அவர்களைத் திட்டும். எமிலும் சாப்பிட்டவர்தான், திட்டியவர்தான்.

பிறகு ராய்ஸ் டில்லிங்ஹாஸ்ட் என்ற கமிஷனரின் ஏரிக்கரை வீட்டுக்குப் புதுக் கூரை வந்தது. போட்டுக் கொடுத்தது சாலை கான்ட்ராக்டர். காசு வாங்கவில்லை. மத்திய அரசின் ஆட்கள் வந்து அலுவலகத்திலிருந்து காகிதங்களைப் பெட்டி பெட்டியாக எடுத்துப் போனார்கள். கொதித்துப் போன ஜனங்கள் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அங்கேதான் எமில் எழுந்தார். மில் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து தன் வேனின் அச்சு உடைந்ததையும், அந்தப் பள்ளம் காகிதத்தில் மட்டும் பல தடவை மூடப்பட்டிருந்ததையும் சொன்னார். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. கவுண்டியை இனி யார், எப்படி ஆள்வது என்று புதுச் சாசனம் எழுதுகிற குழுவில் பொதுமக்கள் சார்பாக அவரைப் போட்டுவிட்டார்கள்.

குழுவின் தலைவர் ப்ரென்டிஸ் ஓக்லி, வக்கீல். எலும்பும் தோலுமான மனிதர், எதையும் இரண்டு தடவை யோசித்துச் சொல்கிறவர். கமிஷனர்கள் மூவரையும் எடுத்துவிட்டு, ஒரே நிர்வாகி, அவரைக் கேள்வி கேட்க ஒரு சபை, எல்லார் தலைக்கும் மேலே பொதுமக்கள் ஐந்து பேர் கொண்ட ஒரு நெறிமுறைக் குழு என்று திட்டம் போட்டார். அதுவரை சண்டையில்லை. ஊழியர்களும் குழு உறுப்பினர்களும் வாங்கும் அன்பளிப்பு என்ற இடம் வந்தபோதுதான் முட்டிக்கொண்டது. சின்னச் சின்னப் பொருளை விட்டுவிடலாம் என்றார் ஓக்லி.

"ஒரு கப் காப்பிகூடக் கூடாது!" என்று மேசையைத் தட்டினார் எமில். "காப்பியில ஆரம்பிச்சுதான் கூரையில வந்து நின்னுச்சு."

"எமில், கொஞ்சம் சந்து விடுங்க. இவ்வளவு இறுக்கிக் கட்டினா, முதல்ல மாட்டுறது சின்ன ஆளுங்கதான். பெரிய ஆளுங்களுக்கு வக்கீல் இருக்கான்."

"வக்கீல் நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

பார்க்க வந்திருந்த கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் மனிதரைக் கெடுத்தது என்பேன் நான். எமில் சொன்னபடியே எழுதினார்கள். நவம்பர் தேர்தலில் ஜனங்கள் சாசனத்துக்கு அள்ளி ஓட்டுப் போட்டார்கள். நெறிமுறைக் குழுவுக்கு ஓக்லி தலைவர், எமில் உறுப்பினர். டில்லிங்ஹாஸ்டின் கூரையோ சாசனத்துக்கு முந்தியது. புதுக் குழுவால் அதைத் தொட முடியவில்லை. பழைய வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது, அவர் ஃப்ளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

இனி ட்வைலா மேப்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களை வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வருகிற கவுண்டி ஊழியர் அவள். எமிலின் அம்மா கடைசிக் காலத்தில் ஆங்கிலத்தையே மறந்துபோய் தாய்மொழியான ஸ்லோவாக்கில் மட்டும் பேசிக்கொண்டிருந்தபோது, தண்ணீர், வலி, குளிர் என்கிற வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டவள். பெற்ற மகன் தொடக் கூசிய படுக்கைப் புண்ணைத் தினமும் துடைத்தவள். அம்மா போன பிறகு ட்வைலாவுக்கு அந்த வீட்டில் வேலையில்லை. ஆனால் அவளுடைய கவுண்டி கார் அந்தத் தெரு வழியாகத்தான் போகும்.

டிசம்பரில் ஒரு நாள் எமிலின் மனைவி பெர்னடீன் முட்டைக்கோஸ் சுருள் செய்தாள். அரிசியும் இறைச்சியும் இலைக்குள் வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைத்தது. ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய ட்வைலாவுக்கென்று எடுத்து வைத்தாள். பெர்னடீனுக்கு முட்டி வலி. ட்வைலாவின் கார் தெருமுனையில் வந்து நின்றதும், எமில்தான் வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிப்போய் ஜன்னல் வழியாக நீட்டினார்.

"எமில், இது உங்க சட்டப்படி ஆகுமா?" என்று ட்வைலா கேட்டாள்.

"அட, இது என்ன கூரையா? சாப்பாடு! சூடு ஆறுறதுக்குள்ள போ" என்று சிரித்தார். உண்மையிலேயே அவருக்கு உறைக்கவில்லை. லஞ்சம் என்றால் அது ஏரிக்கரையில் நடக்கிற விஷயம். சமைத்ததைக் கொடுப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அன்றைக்கே ட்வைலாவின் மேலதிகாரி கார் சீட்டில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டாள். புது விதி, புதுப் பயம். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மேலே புகார் எழுதினாள். நெறிமுறைக் குழு விசாரிக்கப்போகிற முதல் வழக்கு அதுதான்.

விதி தெளிவாகவே இருந்தது. முதல் தடவை வாங்கியவருக்கு எச்சரிக்கை மட்டும். கொடுத்தது யார் என்று சொல்ல மறுத்தால் வேலை போகும். ட்வைலா சொல்ல மறுத்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லிடு" என்றாள் பெர்னடீன், சட்டையை இஸ்திரி போட்டபடியே. "நாலு பேர் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்."

"சொல்லத்தான் போறேன்" என்றார் எமில். சொல்வதாகத்தான் இருந்தார், பாவம்.

விசாரணைக்குக் கூட்டம் வந்திருந்தது. கண்ணாடிப் பாத்திரத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்ததால், ட்வைலா அதைத் தேய்த்துக் கழுவி எடுத்து வந்திருந்தாள். யாரோ அதன் கைப்பிடியில் சாட்சிப் பொருள் என்று ஒரு அட்டையைக் கட்டி மேசை நடுவில் வைத்திருந்தார்கள்.

"ட்வைலா, ஒரே ஒரு பேர்" என்றார் ஓக்லி. கிட்டத்தட்டக் கெஞ்சினார். "பேரைச் சொல்லிட்டு, எச்சரிக்கையை வாங்கிட்டு, நேரா வேலைக்குப் போயிடலாம்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்மா?"

"அது நான் சொல்ல வேண்டியது இல்ல."

ஓக்லி பாத்திரத்தைத் தூக்கித் திருப்பினார். பின்வரிசையிலிருந்த பெண்களிடையே ஒரு சலசலப்பு. எங்கள் பக்கம் எந்த வீட்டுப் பாத்திரமானாலும் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். சர்ச் விருந்துக்கோ சாவு வீட்டுக்கோ போன பாத்திரம் வீடு திரும்புவதற்கு அதுதான் வழி. இந்தப் பாத்திரத்தின் அடியில் டேப் இருந்த இடம் நீள்சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. டேப்பைக் காணோம். யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

 தன்னைக் காப்பாற்றத்தான் ட்வைலா அதை உரித்திருக்கிறாள் என்று எமில் நினைத்தார். இப்போது வாயைத் திறந்தால் அவள் பட்ட பாடெல்லாம் வீண் என்று ஒரு நொண்டிச் சாக்கும் கூடவே வந்து சேர்ந்தது. முன்வரிசையில் பத்திரிகைக்காரப் பெண் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். காப்பிகூடக் கூடாது என்றவர் கொடுத்த முட்டைக்கோஸ் என்று அவள் எழுதப்போவது அவருக்குக் கண் முன்னால் தெரிந்தது.

கையைத் தூக்கினார். ட்வைலா நிமிர்ந்து பார்த்தாள்.

"இவங்க என் அம்மாவைப் பாத்துக்கிட்டவங்க" என்றார் எமில். "அதனால... இந்த வழக்குல நான் உட்கார்றது முறையில்ல. நான் ஒதுங்கிக்கிறேன்."

 "கேட்டுக்கோங்க" என்றார் ஓக்லி, உருகிப்போய். "இந்தக் குழுவை எதுக்கு உண்டாக்கினோமோ, அது இதுதான்." இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். எமில் வெளியே போய்த் தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே ட்வைலாவின் வேலையை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெர்னடீன் கேட்டாள். "சொன்னியா?"

"ஒதுங்கிட்டேன்."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவ பொழப்பு?"

"போச்சு."

ஃபோன் பக்கம் அவள் பார்வை போனது. எமில் பதறினார். "நீ ஏதும் சொல்லிடாதே, பெர்னி."

"நான் சொன்னா புருஷனைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். நீ சொன்னாதான் அது சொன்ன மாதிரி" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. எடுத்திருந்தால்கூட எமிலுக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும். திட்டு வாங்கினால் பாதி கடன் தீர்ந்த மாதிரி நினைத்துக்கொள்கிற ஜாதி அவர்.

பத்திரிகையில் அவர் படம் வந்தது. நேர்மைக்கு ஓர் உதாரணம் என்று போட்டிருந்தார்கள். முடி வெட்டப் போன இடத்தில் காசு வேண்டாம் என்றார்கள். "ஐயோ, விதி இருக்குல்ல!" என்று அவர்களே சொல்லிச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். எமில் சிரிக்கவில்லை. முட்டைக்கோஸ் வேகும் வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மாவின் அறைக் கதவைச் சாத்தியே வைத்தார். ட்வைலா பக்கத்துக் கவுண்டியில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டார். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தார். காரைக் கிளப்புவார், மில் ரோடு முனைவரை போவார், திரும்பி வந்துவிடுவார்.

ஏப்ரலில் அவளே வந்தாள். கையில், விசாரணை முடிந்து அவளிடமே திருப்பிக் கொடுத்திருந்த அந்தக் கண்ணாடிப் பாத்திரம், மேலே அலுமினியத் தாள் மூடி. தாளுக்கு அடியில் பன்றித் தொடைக் கறி போட்ட உருளைக்கிழங்கு. எங்கள் பக்கம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் காலியாகத் திருப்பித் தருவதில்லை.

"உள்ளே வா, ட்வைலா" என்றார் எமில். 

"வரல. இது பெர்னடீன் பாத்திரம். அவங்க என்ன பண்ணாங்க பாவம், திருப்பிக் குடுக்கணும்ல."

"நீ எனக்காக டேப்பை உரிச்சே. நான்..."

"உங்களுக்காகவா?" ட்வைலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க தப்பிக்கணும்னு உரிக்கல, எமில். யாரோ திருப்பிப் பாத்துப் படிச்சுட்டா அது பிடிபட்டதா ஆயிடும். நீங்களாச் சொல்லணும்னுதான் உரிச்சேன். நீங்க கையைத் தூக்கினப்ப, இதோ சொல்லப் போறார்னு நினைச்சேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

ட்வைலா பாத்திரத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"பிடிங்க, கை வலிக்குது" என்றாள். "நான் இப்ப கவுண்டி ஆளு இல்ல, யாருக்கும் குடுக்கலாம். நீங்க வாங்கலாமா? குழுவுல இன்னும் இருக்கீங்கள்ல?"

வாங்கக் கூடாது. அவரே எழுதவைத்த விதி. எமில் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அவள் படியிறங்கித் திரும்பிப் பார்க்காமல் போனாள். பாத்திரத்தின் அடியில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. புது டேப்.

அந்த உருளைக்கிழங்கைப் பெர்னடீனும் அவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. பாத்திரத்தை எமிலே கழுவித் துடைத்தார்.

குழு அடுத்து கூடியபோது அதைக் கொண்டுபோய் மேசை மேல் கவிழ்த்து வைத்தார். ஓக்லி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். டேப்பில் பெரிய எழுத்தில், ட்வைலாவின் கையெழுத்தில், டிரஹோஸ் என்று இருந்தது.

"இது என் வீட்டுப் பாத்திரம்" என்றார் எமில். "டிசம்பர்ல கார் ஜன்னல் வழியா உள்ள குடுத்தது நான்தான்."

 "அவ இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு, எமில்" என்றார் ஓக்லி. "அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா, ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிருக்கும்."

"தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுதான் எழுந்து போனீங்களா? நான்கூட உங்களைப் பாராட்டினேனே?"

"ஆமா" என்றார் எமில். "அதையும் வாங்கிக்கிட்டுதான் போனேன்."