கேட் போட்டால் லேட்டாகும், சார்

ஒரு சிக்னல், அதைத் தலைகீழாக்கும் ‘நாட்’ கேட்டுகளைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க, திருப்பதி லேப்பில் எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப் போர்டுக்காக இரட்டைப்படையில் கேட்டுகளை வரிசையாகக் கோடில் எழுதி வைத்திருந்தேன்.

டீ குடித்துவிட்டு வருவதற்குள், சாஃப்ட்வேர் அவற்றைத் தொடக்கூடாது என்று நான் போட்டிருந்த வரியை லேப் சார் அழித்துவிட்டார். இரண்டு ‘நாட்’ சேர்ந்தால் சிக்னல் பழையபடிதானே என்று சாஃப்ட்வேர் அத்தனை கேட்டையும் தூக்கிவிட்டது. மிச்சம் வெறும் ஒயர்.

"பாத்தியாமா, டிலேவே இல்ல! வேலைக்காவாத கேட்டா அடுக்கிக்கினு இருந்த. எல்லாம் தண்டம்."

"டிலேய அளக்கத்தான் சார் வெச்சேன். இப்ப எத அளக்கறது?"

"சாஃப்ட்வேருக்கு உன்னவிட தெலிவி ஜாஸ்திமா."

இதே சார் இன்று காலை தாமதமாக வந்து சொன்னது: "புத்தூர்ல ரயில்வே கேட் போட்டுட்டாங்கமா."

அந்தக் கேட்டையும் தண்டம் என்று தூக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே? யாராவது அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.