கேட் பக்கம் அனுப்பினா போங்க

புதுசா வேலைக்கு வாற டீச்சர்மாருக்கு ஒண்ணு சொல்லுதேன். போர்டுல எப்படி எழுதணும், பிள்ளைகளை எப்படி அதட்டணும்னு சொல்ல ஊர்ப்பட்ட ஆள் இருக்கு. நான் சொல்லப்போறது, ஹெச்.எம். கூப்பிட்டு, "நீங்கதான் டீச்சர் நயமா பேசுவீங்க"ன்னு சொல்லுத நாளைப் பத்தி.

நான் அப்ப சங்கரன்கோவில்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்னைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் கட்டிருவாங்க, நூத்துக்கு நூறு தேர்ச்சின்னு. அந்த நூறு எப்படி வருதுன்னு முழுப்பரீட்சை முடிஞ்சப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. ஒன்பதாவதுல எந்தப் பிள்ளை மேல நம்பிக்கை இல்லையோ, அதோட அம்மாவைக் கூப்பிட்டு, அவங்களே டிசி கேட்டு வாங்கிட்டுப் போற மாதிரி பேசி அனுப்பிருவாங்க. பேசப் போறது கடைசியா வேலைக்குச் சேர்ந்த டீச்சர்; அந்த வருஷம் அது நான். வேலை நிரந்தரமாகாதவ எதிர்த்து வாயைத் திறக்க மாட்டாள்ல, அதான்.

என் கிளாஸ்ல ஒரு பிள்ளை மாட்டுச்சு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் விசைத்தறிக்குப் போறவங்க. பின்னக் கணக்குன்னா அவளுக்குக் காய்ச்சல் வந்துரும். ஆனா புரியலைன்னா கையைத் தூக்கிக் கேப்பா, கிளாஸே சிரிச்சாலும் கேப்பா. டிசி வாங்கினா இவ வேற பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டா, நேரா தறிக்குத்தான் போவான்னு எனக்கு நல்லாத் தெரியும்.

அந்தம்மா தறியில இருந்து அப்படியே வந்து கேட் பக்கம் நின்னாங்க. தலையெல்லாம் நூல் தூசி. ஹெச்.எம். என்னைப் பேச அனுப்பிட்டு ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் பேசுததுக்கு முன்னாடியே, "பிள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னு சொல்லத்தானே டீச்சர் கூப்பிட்டீங்க?"ன்னாங்க. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்!

"யாரு சொன்னா? நீங்களா கேட்டாத்தான் டிசி கொடுப்பாங்க. எவன் வந்து சொன்னாலும் கேட்டுராதீங்க. பிள்ளை இங்கனதான் படிக்கும்"னேன்.

விஷயம் உள்ளே போயிருச்சு. ஹெச்.எம். மேசையைத் தட்டுதாரு. "நூறு போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான்தான் சார். யாரையாவது வெளியே அனுப்பியே ஆகணும்னா என்னை அனுப்புங்க."

அந்தம்மா டிசி கேக்கலை, பிள்ளை பத்தாவதுக்கு வந்துட்டா. ஒரு வருஷம், தினமும் சாயங்காலம் மணி அடிச்ச பிறகு அவளும் நானும் கணக்கோட மல்லுக்கட்டினோம். கடைசியில கணக்குல பெயில். இதை மறைக்க எனக்கு ஒரு அவசியமும் இல்ல. பிளெக்ஸ் கட்டலை. ஸ்டாஃப் ரூம்ல, "இப்ப திருப்தியா?"ன்னு ஒரு டீச்சர் கேட்டாங்க. அடுத்த வாரமே என்னை வேலையை விட்டு நின்னுக்கிடச் சொல்லிட்டாங்க. வீட்டுல உக்காந்து அழுதேன், பொய் சொல்லுவானேன். ஆனா அவளை விடலை. எங்க வீட்டுக்கே வரச் சொல்லி நடத்தினேன். துணைத்தேர்வுல பாஸாகிட்டா. அதுக்கு ஒருத்தனும் பிளெக்ஸ் கட்டலை, கட்டவும் வேண்டாம். இப்ப அவ காலேஜ் போறா. நான் சிவகிரி பஸ் ஏறி வேற பள்ளிக்கூடத்துக்குப் போறேன்.

உங்களையும் ஒரு நாள் கேட் பக்கம் அனுப்புவாங்க, மக்கா. மாட்டேன்னு சொல்லிட்டு உள்ளேயே உக்காந்துராதீங்க. நீங்க போகலைன்னா வேற ஒருத்தியை அனுப்பி, அவங்க சொல்லச் சொன்னதைச் சொல்ல வச்சிருவாங்க. அதனால நீங்களே போங்க. போய், மாத்திச் சொல்லுங்க.