ஞாயிற்றுக்கிழமைத் தெரு

பதினொரு மாதத்தில் நாற்பத்தேழு வீடு. மழை கொட்டிய இரண்டு ஞாயிறையும் மகள் காய்ச்சலில் கிடந்த ஒரு ஞாயிறையும் கழித்தால், மீதி ஞாயிறெல்லாம் அவள் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய சமையலறையில் நின்று குழாயைத் திறந்து மூடியிருக்கிறாள். சில நாள் இரண்டு வீடு. மூன்று ஜோடி செருப்பு தேய்ந்தது.

வார நாள்களில் அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள். காலை ஆறரைக்கு ஊசியைக் கையில் எடுத்தால் மாலை நாலரைக்குத்தான் கீழே வைப்பாள். வார்டில் அவளுக்குப் பெயர் ‘வலிக்காத அக்கா’. கையைப் பிடித்து, இரண்டு விரலால் தட்டி, நரம்பு எங்கே என்று பார்ப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் வீடு பார்க்கப் போகுமிடத்திலும் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். ஓதம் இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

கணவன் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிற பிரிவில் இருக்கிறான். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதுவதுதான் பிழைப்பு. வீடு தேடவும் அவன் ஒரு நோட்டுப் போட்டான். தண்ணீர், வெளிச்சம், பள்ளிக்கூடம், டாக்டர், பஸ் நிறுத்தம் என்று பத்துக் கட்டம். ஏழாவது கட்டம் ‘பிள்ளைகள்’. தெருவில் கால் மணி நேரம் நின்று, விளையாடும் பிள்ளைகளை எண்ணி அதில் எழுதுவான்.

“வீட்டைக் கட்டிப் பார்னு சொன்னவன் வாங்கிப் பார்னு ஏன் சொல்லாம விட்டான்?” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“அவனும் பாத்துக்கிட்டே இருந்திருப்பான். சொல்ல நேரம் கிடைச்சிருக்காது” என்றான் நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

ஏழாவது கட்டத்துக்குத்தான் அவர்கள் வீட்டில் மதிப்பு அதிகம். மகளுக்கு எட்டு வயது. ‘வாலு’ என்று கூப்பிடுவார்கள். மூன்று மணிக்குப் பள்ளி விடும். அம்மா வீடு வந்து சேர ஆறாகும், அப்பாவுக்கு ஏழு. நடுவிலுள்ள மூன்று மணி நேரம் வாலு கீழ்வீட்டு டெய்லர் அக்காவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், பட்டன் பிரிப்பாள், வருகிறவர்களிடம் வாயடிப்பாள். இப்போது கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கட்டடத்துச் சொந்தக்காரர் கொடுத்த ஒரு வருடத்தில் ஒரு மாதம்தான் மிச்சம். டெய்லர் அக்கா தன் தம்பி வீட்டோடு போகிறாள். வீடு எங்கே கிடைத்தாலும் சரி, அந்த மூன்று மணி நேரத்துக்குப் பிள்ளை யாரோடு இருக்கும் என்பதுதான் அவளுக்குக் கேள்வி. மற்றதெல்லாம் ஓடோ ஓட்டையோ, சமாளித்துக்கொள்ளலாம்.

நாற்பத்தேழாவது வீடு நகரத்துக்கு வெளியே, புதிதாக எழும்பிய குடியிருப்பில் இருந்தது. புரோக்கர் வழக்கம்போல, “பஸ் ஸ்டாப்பு ரெண்டே நிமிஷம்க்கா” என்றான். எல்லா இடத்துக்கும் அவனிடம் ஒரே தூரம்தான். அதனால் வீட்டில் அவனுக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்றே பெயர். கணவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தான். பதினொரு நிமிடம்.

ஆனால் தெரு! வாசலுக்கு வாசல் சைக்கிள். ஒரு பக்கம் பந்து, ஒரு பக்கம் ஸ்கிப்பிங் கயிறு, பூங்காவில் ஊஞ்சலுக்கு வரிசை. எதிர்வீட்டுப் பெண் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, “இந்த நாலு வீட்டுல மட்டும் பிள்ளைங்க எட்டுப் பேரு இருக்காங்க, அதோட ஒண்ணு ஒன்பது. உங்க பொண்ணை எங்க வீட்டுலயே விட்டுட்டு நிம்மதியா போங்க” என்றாள். வாலு அதற்குள் கயிற்றுக்குள் குதித்திருந்தாள். கணவன் ஏழாவது கட்டத்தில் இருபத்து மூன்று என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். அதுவரை எந்தத் தெருவிலும் பத்தைத் தாண்டவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பதினொரு மாதத்தில் முதல் தடவை. புதன்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

செவ்வாயன்று வாலுவுக்குப் பரீட்சை, மதியமே விட்டுவிட்டார்கள். அவளும் சக ஊழியரிடம் கெஞ்சி ஒரு மணிக்கே கிளம்பினாள். பீரோ உள்ளே நுழையுமா என்று அளந்துவிட வேண்டும், அவ்வளவுதான். டேப்பை எடுத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கியபோது மணி மூன்று.

தெருவில் ஈ காக்கை இல்லை. சைக்கிள்கள் வாசல்களில் சங்கிலி போட்டு நின்றன. எதிர்வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டில் பூட்டு. அதற்கடுத்த வீட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுக்க ஆளில்லை.

வாலு பூங்காவுக்கு ஓடினாள். “அம்மா, ஊஞ்சல் காலி! வரிசையே இல்ல!” என்று அங்கிருந்தே கத்தினாள்.

சாவி கேட்டில் காவல் இருக்கும் அம்மாளிடம் இருந்தது. பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்க, நாற்காலியில் காலை நீட்டிப்போட்டுப் பழைய வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவள், சாவியை எடுத்து நீட்டினாள்.

“எல்லாரும் எங்கக்கா? இன்னைக்கு ஏதாவது லீவா?”

“லீவுன்னாதான் இருப்பாங்களே! இன்னைக்கு வேலை நாளு.”

“பிள்ளைங்க?”

“எல்லாம் சிட்டியிலதான் படிக்குதுங்க. காலையில ஆறே முக்காலுக்கு அப்பா அம்மாகூட கார்ல ஏறும். ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கிக்கிட்டே இறங்கும். நீங்க ஞாயித்துக்கிழமை பாத்தீங்களா?”

“ஆமா.”

“எல்லாரும் அன்னைக்குத்தான் பாக்குறாங்க. அன்னைக்கு நான்தான் இருக்க மாட்டேன், எனக்கு லீவு. மத்த ஆறு நாளும் நானும் இந்த நாயும்தான். அதுவும் சாயங்காலம் எங்கேயோ போயிடுது.”

“பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கே?”

“இருக்கு. இங்கேருந்து ஒரு பிள்ளை போகாது.”

அவள் சாவியோடு நின்றாள். காலை ஐந்தே முக்காலுக்கு அவள் கிளம்புகிறவள். இங்கிருந்தென்றால் நாலே முக்கால். அந்த நேரத்தில் எந்த நகரத்துப் பள்ளியும் திறந்திருக்காது. கூட்டிப்போய் விட அவர்களிடம் காரும் இல்லை. ஆக, வாலு பக்கத்துப் பள்ளிக்குத்தான் போவாள். மூன்று மணிக்கு இந்தத் தெருவில்தான் நடந்து வருவாள்.

பூங்காவில் ஊஞ்சலின் கிறீச்சென்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி நின்றது.

“அம்மா, யாரு தள்ளிவிடுவா?”

அவள் போய்த் தள்ளிவிட்டாள். அரை மணி நேரம் தள்ளினாள். தெருவில் அந்த நேரத்துக்குள் வந்தது கூரியர்காரன் ஒருவன் மட்டும். நான்கு வீட்டில் மணி அடித்துப் பார்த்துவிட்டு, நான்கு பார்சலையும் கேட்காரம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனான். டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

மாலை கணவன் வந்து சட்டையைக் கழற்றும்போதே கேட்டான்: “பீரோ நுழையுமா?”

“பீரோ நுழையும். நம்ம பிள்ளைதான் நுழையாது.”

நடந்ததைச் சொன்னாள்.  எதிர்வீட்டுப் பெண் பொய் சொன்னாளா என்று மட்டும் அவன் கேட்டான்.

“பொய் இல்லைங்க. ஞாயித்துக்கிழமை சொன்னா. ஞாயித்துக்கிழமைக்கு அது உண்மைதான்.”

அவன் நோட்டை எடுத்து ஏழாவது கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தான். நாற்பத்தேழு எண். நாற்பத்தேழும் ஞாயிறு.

“ஏங்க, நீங்க டிப்போவுல ஞாயித்துக்கிழமைக்குன்னு தனி அட்டவணை போடுறீங்களா இல்லையா?”

“போடுறேன்.”

“எதுக்கு?”

“அன்னைக்குக் கூட்டம் வேற மாதிரி இருக்கும்...” என்று தொடங்கியவன் நோட்டை மூடி வைத்தான். பதினெட்டு வருடமாக அந்த ஒரு விஷயத்துக்குத்தான் சம்பளம் வாங்குகிறான்.

“ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி, தான் போய்க் கழனிப் பானையில விழுந்துச்சாம்” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், சிரிப்பு வரவில்லை. அவனைத் திட்டவும் தெம்பில்லை. அவளும்தான் நாற்பத்தேழு சுவரைத் தட்டினாள். தெருவைத் தட்டிப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை.

“வாங்கிடலாம், சமாளிச்சுக்கலாம்னு தோணுதா உனக்கு?” என்று கேட்டான். குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது. அவனும் களைத்திருந்தான்.

உள்ளறையில் வாலு படுக்கையில் குறுக்கே கிடந்து, எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். கேட்காரம்மாளின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு மகளை உட்கார வைப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். நாய்கூடச் சாயங்காலம் தங்காத தெரு.

“இல்லைங்க” என்றாள்.

‘ரெண்டு நிமிஷம்’ போனில் பதறினான். “அக்கா, இந்த மாதிரி பிள்ளைங்க இருக்கிற ஏரியா வேற கிடைக்காதுக்கா. வேணும்னா இந்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை வந்து பாருங்க.”

“வியாழக்கிழமை மூணு மணிக்கு என்ன காட்டுவே?”

“வேலை நாள்ல யாருக்கா வீடு பாப்பாங்க?”

“நாங்க பாப்போம்.”

அவன் யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டான். அந்த நாற்பத்தேழாவது வீட்டை வேறொரு தம்பதி அடுத்த ஞாயிறு வந்து பார்த்து, அன்றே பேசி முடித்துவிட்டார்கள்.

அவள் கட்டடத்துச் சொந்தக்காரரிடம் போய் இன்னும் ஆறு மாதம் கேட்டாள். மூன்று மாதம் கொடுத்தார். மறுநாள் இருவரும் அவரவர் ஆபீசில், இனி வருகிற வியாழக்கிழமைகளுக்கு அரை நாள் விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தார்கள்.